கப்பித்தானின் கணையம்

தூத்துக்குடி
12 அக்டோபர் 1974

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். உங்கள் பூனைக்குத்தான் சுகமில்லை. போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு பக்கம் விசாரித்துவிட்டு, என்னைப் பற்றி இரண்டு வரி கேட்டிருந்தீர்கள். அதனால் உங்கள் வரிசைப்படியே பூனையிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு மாதமாகவே கப்பித்தான் தண்ணீராகக் குடிக்கிறான். முன்பு முகர்ந்துகூடப் பார்க்காத வாளிக்குள் தலையை விட்டு நக்குகிறான். குடித்ததையெல்லாம் அப்படியே பெய்கிறான். மீன் போட்டால் முள்கூட மிஞ்சுவதில்லை. ஆனாலும் முதுகெலும்பு தெரிய இளைத்துவிட்டான். கிரேக்கக் கப்பல்காரர்கள் கரையில் விட்டுவிட்டுப் போனபோது துறைமுகக் காவலாளியையே விரட்டிய பூனை என்று பெருமையடித்தீர்களே, அவன் இப்போது பின்னங்கால் குதிகால்கள் தரையில் பட, முயல் மாதிரித் தத்தி நடக்கிறான்.

பக்கத்து வீட்டு இசபெல்லாக்கா பார்த்துவிட்டு, "ஏளா செல்வி, இது போயிரும் போலுக்கே. கண்ணப் பாரு, எங்கனயோ பாக்கு," என்றாள்.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நீங்கள் மேல்படிப்புக்குப் போன பிறகு உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் டாக்டர் ஆவுடையப்பன் நல்ல மனிதர்தான். தடவிப் பார்த்துவிட்டு, "வயசாயிட்டும்மா. கஷ்டப்படாம ஒரு ஊசில முடிச்சிருவோம். சாருக்கு நானே எழுதுதேன்," என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வந்த பிறகுதான் அதைப் பார்த்தேன். பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் அவன் பெய்து காய்ந்த இடம் முழுக்க எறும்பு. ஈரம் எந்த வடிவத்தில் பரவியிருந்ததோ அதே வடிவத்தில், விளிம்பு பிசகாமல், கறுப்பாக மொய்த்துக்கொண்டிருந்தது. சத்தியமாக எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவன் பெய்யும் தட்டில் இருந்த மணலைக் கொட்டிவிட்டுக் கழுவிய கிளிஞ்சல் துண்டுகளைப் போட்டு வைத்தேன். கிளிஞ்சல் உறிஞ்சாதல்லவா? அடியில் தங்கியதைக் குப்பியில் பிடித்துக் கல்லூரிக்குக் கொண்டு போனேன். டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு இந்தச் சலுகையாவது வேண்டாமா? சீனி இருந்தால் நிறம் மாறும் பெனடிக்ட் கரைசலில் சொட்டுவிட்டுக் காய்ச்சினேன். நீலமாக இருந்தது பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

பூனைக்கும் சீனி வியாதி வருமா? வந்தால் என்ன செய்வது? உங்கள் பதில் வரும்வரை ஆவுடையப்பன் கைக்கு இவனைக் கொடுக்க மாட்டேன்.

ஜெபசெல்வி

பி.கு. நானும் கொஞ்சம் இளைத்திருக்கிறேன். கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன்.


எடின்பரோ
23 அக்டோபர் 1974

அன்புள்ள செல்விக்கு,

உன் பின்குறிப்பை நாலு தடவை படித்தேன். கல்யாணமாகி மூன்று மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். அதில் பாதி நாள் சொந்தக்காரர்கள் வீட்டு விருந்திலேயே போய்விட்டது. மீதி நாளில் நான் உன்னிடம் பேசியது கொஞ்சம்தான். பூனையை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். தெரிந்ததைப் பற்றி எழுதுவது எளிதாக இருக்கிறது, அவ்வளவுதான். ஏன் இளைத்தாய்? எழுது.

பூனைக்கும் சீனி வியாதி வரும். நீ எறும்பை வைத்துக் கண்டுபிடித்ததை எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

வயிற்றுக்குப் பின்னால், குடலின் முதல் வளைவை ஒட்டி, மெல்லிய நாடா மாதிரி இளஞ்சிவப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. கணையம். உணவைக் கரைக்கும் நீரைச் சுரப்பது அதன் பெரிய வேலை. ஆனால் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், அந்தச் சதைக்கு நடுவே வெளிறிய சின்னச் சின்னத் திட்டுகள் தெரியும். தீவுகள் என்றே அவற்றுக்குப் பெயர். நம் ஊர்க் கடற்கரையிலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு நடுவே தீவுகள் கிடக்குமே, அதே மாதிரி. இன்சுலின் அந்தத் தீவுகளில்தான் ஊறுகிறது. கப்பித்தானுக்கு அவை ஓய்ந்துவிட்டன.

மனிதர்களுக்கு விற்கிற இன்சுலினே போதும். அது அறுக்கப்பட்ட மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுப்பதுதான். காசநோய்ச் சோதனைக்குப் பயன்படுத்தும் மெல்லிய ஊசிக்குழல் கேள். அதில்தான் இவ்வளவு சிறிய அளவை இழுக்க முடியும். அளவைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். சாப்பிட்ட பிறகே போடு. தள்ளாடினாலோ விழுந்தாலோ இன்சுலின் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். உடனே ஈறில் சீனிப்பாகு தடவு.

உன்னால் முடியாது என்று தோன்றினால் ஆவுடையப்பன் சொன்னபடி செய்துவிடு. ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

பால்துரை


தூத்துக்குடி
9 நவம்பர் 1974

அன்புள்ள அத்தானுக்கு,

முடியாது என்று தோன்றவில்லை. பயமாகத்தான் இருந்தது.

நம் தெரு டாக்டர் நயினார் ஊசிக்குழல் கொடுத்தார். "நாப்பது வருசத்துல பூனைக்குச் சீட்டு எழுதுனது இல்லம்மா," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். மருந்துக் கடையில் நோயாளியின் பெயர் கேட்டார்கள். கப்பித்தான் என்றேன். பறங்கியரா என்றார்கள். ஆமாம் என்றேன்.

முதல் நாள் இசபெல்லாக்கா அவனைத் துண்டில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அவன் நெற்றியிலும் போட்டாள். நான் இன்சுலின் புட்டியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். கலங்கல் நீர், அவ்வளவுதான். எந்த ஊரிலோ எந்த மாடோ செத்துப்போய், அதன் உடம்பில் ஊறியது இங்கே ஒரு பூனைக்குள் போய் வேலை செய்யும் என்றால்! கல்லூரியில் இதைப் பாடமாகப் படித்து, பரீட்சையும் எழுதியவள் நான். அப்போது இது எனக்கு ஒன்றுமே இல்லை. புட்டி கையில் இருந்தபோதுதான் நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது.

"ஏளா, ஜெபம் பண்ணுதியா, ஊசி போடுதியா?" என்றாள் அக்கா. போட்டேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது சோதனைக் குழாயில் செங்கல் நிறம் போய் மஞ்சள், சில காலைகளில் பச்சை. தண்ணீர் குடிப்பது குறைந்துவிட்டது. மருந்து சூடேறாமல் இருக்கப் புட்டியை ஈரமணல் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

சாத்தான்குளத்திலிருந்து உங்கள் அம்மா வந்திருந்தார்கள். நான் ஊசி போடுவதைப் பார்த்துவிட்டு, "பிள்ளை குட்டி இருக்க வேண்டிய வீட்டுல பூனைக்குப் பண்டுவமா?" என்றார்கள். "அதுக்கு மகன் இங்கே இருக்கணும் அத்தை," என்றேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இளைத்ததற்குக் காரணம் கேட்டீர்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. வேறொன்றும் இல்லை.

ஜெபசெல்வி


தூத்துக்குடி
2 டிசம்பர் 1974

அத்தான்,

அவசரமாக எழுதுகிறேன். மூன்று நாளாகக் கப்பித்தான் வாந்தி எடுக்கிறான். முதலில் மீன், பிறகு நுரை, இப்போது மஞ்சள் நீர். முதுகை வளைத்து, முன்னங்கால்களுக்கு நடுவே தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறான். வயிற்றில் கை வைத்தால் அனத்துகிறான். எதுவும் தின்னவில்லை. சாப்பிடாத பூனைக்கு இன்சுலின் போடலாமா, கூடாதா? நிறுத்தினால் குழாயில் செங்கல் நிறம் வருகிறது. முழுதாகப் போடவும் பயம். பாதி போட்டிருக்கிறேன்.

ஆவுடையப்பன் வீட்டுக்கே வந்து பார்த்தார். "இனிமே வதைக்காதீங்கம்மா," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

என்ன செய்ய? இந்தக் கடிதம் போய், உங்கள் கடிதம் வந்து... எனக்கே தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன். யாரிடம் கேட்பேன்?

செல்வி


எடின்பரோ
11 டிசம்பர் 1974

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. இதை நீ படிக்கும்போது அவன் இருப்பானோ என்னவோ.

நீ எழுதியிருக்கும் அடையாளங்கள் கணைய அழற்சி போலத் தெரிகின்றன. உணவைக் கரைக்க வேண்டிய நீர் குடலுக்குப் போகாமல் கணையத்துக்குள்ளேயே தேங்கி, அந்த உறுப்பையே கரைக்கத் தொடங்கிவிடும். தன்னையே தின்பது. நாய்களில் இதைப் பார்த்திருக்கிறோம். பூனைகளைப் பற்றிப் புத்தகத்தில் இரண்டு வரிதான், அதுவும் செத்த பிறகு கண்டது. உயிரோடு இருக்கும் பூனையில் இதைக் கண்டுபிடித்து வைத்தியம் பார்த்தவர்கள் இங்கே எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

நாய்களுக்குச் செய்வதையே சொல்கிறேன். கணையத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். வாந்தி நிற்கும்வரை வாய்வழியாக ஒன்றும் கொடுக்காதே, தண்ணீர்கூட. டாக்டர் நயினாரிடம் கேட்டு உப்புநீரைத் தோலுக்கடியில் ஏற்று. இன்சுலினைப் பாதியாகக் குறைத்தது சரி.

மனதைக் கல்லாக்கிக்கொண்டு பட்டினி போடு. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பால்துரை


எடின்பரோ
16 டிசம்பர் 1974

செல்வி,

தந்தி கிடைத்திருக்கும். என் 11-ஆம் தேதிக் கடிதத்தை நம்பாதே. அதன்படி செய்திருந்தால் உடனே நிறுத்து.

இன்று சவச்சோதனை அறைக்கு இரண்டு பூனைகள் வந்தன. இரண்டும் வெவ்வேறு காரணத்தால் நாள்கணக்கில் சாப்பிடாமல் கிடந்தவை. வயிற்றைத் திறந்தேன். கல்லீரல் வெண்ணெய் மாதிரி மஞ்சளாக இருந்தது. ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. செல்வி, கல்லீரல் மிதக்கக் கூடாது! கல் மாதிரி அடியில் போய் உட்கார வேண்டிய உறுப்பு அது. பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையெல்லாம் அங்கே கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. பூனைக்கு அந்தப் பாரம் தாங்கவில்லை. நாய்க்குச் சரியாக இருப்பது பூனைக்கு எமனாகலாம். இது எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இந்த இரண்டு கல்லீரல்கள்தான் எனக்குச் சாட்சி.

கையுறையைக்கூடக் கழற்றாமல் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். நான் எழுதிய கடிதத்தையே முந்திக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

பால்துரை


தூத்துக்குடி
23 டிசம்பர் 1974

அன்புள்ள அத்தானுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கப்பித்தான் இருக்கிறான். இதை எழுதும்போது என் சேலை முந்தியில் படுத்திருக்கிறான்.

உங்கள் தந்திதான் முதலில் வந்தது. 'கடிதத்தைப் பொருட்படுத்தாதே, பூனைக்குச் சாப்பாடு கொடு' என்று இங்கிலீஷில். தந்திச் சேவகர் வாசலிலேயே நின்று, "எந்தக் கடிதத்தச் சொல்லுதாக, அண்ணாச்சி?" என்று என் அப்பாவிடம் கேட்டார். அப்பா நாசரேத்திலிருந்து அன்றுதான் வந்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மூன்று நாள் கழித்து அந்தக் கடிதம் வந்தது. படித்துவிட்டு நாளை எண்ணிப் பார்த்தேன்.

நீங்கள் கொடுக்காதே என்று எழுதுவதற்கு முன்பே நான் கொடுக்கத் தொடங்கிவிட்டேன்.

டாக்டர் நயினார் தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றினார். தோளுக்கு மேல் ஒட்டகத் திமில் மாதிரி வீங்கி, சாயங்காலத்துக்குள் வற்றிவிட்டது. ஆனால் அவன் கண் தெளியவில்லை. இசபெல்லாக்கா காரல் மீனை உப்பு, மிளகாய் இல்லாமல் அவித்துச் சாறெடுத்துக் கொண்டுவந்தாள். "பிள்ள பெத்தவளுக்கே இதத்தான் குடுப்போம். குடுத்துப் பாரு." நான் கொடுக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். வெறும் வயிற்றிலும்தான் வாந்தி எடுக்கிறான், சாறு குடித்து எடுத்தால் என்ன மோசம் என்று தோன்றியது. விரலில் தொட்டு உதட்டில் தடவினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி தடவினேன். மூன்றாம் தரமோ நாலாம் தரமோ, நாக்கு வெளியே வந்து என் விரலை ஒரே ஒரு முறை நக்கியது. அந்தச் சொரசொரப்பு என் தோளுக்குள் ஏறிய மாதிரி இருந்தது.

பாதியை வாந்தி எடுத்தான். மறுபடி கொடுத்தேன். கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நாள் முழுக்க அதுதான் வேலை. ஒரு வாரத்தில் சாறு போய் மசித்த மீன் ஆனது. இப்போது அவனே தட்டைத் தேடி வருகிறான்.

உங்கள் இரண்டாவது கடிதமும் இன்று வந்துவிட்டது. மிதந்த கல்லீரலைப் பற்றிப் படித்ததும் கப்பித்தானுக்கு இன்னொரு வாய் மீன் வைத்தேன். உங்கள் கடிதம் பத்து நாள் முன்னால் வந்திருந்தால் நீங்கள் சொன்னபடியேதான் செய்திருப்பேன். கோபத்தில் சொல்லவில்லை. நம் இரண்டு பேருக்கும் நடுவில் இத்தனை கடல் கிடப்பதற்காக முதன்முறையாக ஸ்தோத்திரம் சொன்னேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

செல்வி


தூத்துக்குடி
21 ஜனவரி 1975

அன்புள்ள அத்தானுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

புது வருடத்திலிருந்தே குழாயில் நீலம் மாறவில்லை. காய்ச்சக் காய்ச்ச நீலம்தான். நல்லதுதானே என்று இன்சுலினை நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தேன். கப்பித்தான் முற்றத்தில் குடித்தவன் மாதிரி வந்தான். சுவரில் மோதினான். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து கால்களை உதறத் தொடங்கினான்.

நீங்கள் எழுதியது மனதில் இருந்தது. சீனியைக் கரைத்து ஈறில் தேய்த்தேன். கடித்தான். ரத்தம் வந்தது. விடாமல் தேய்த்தேன். இசபெல்லாக்கா, "மாதாவே, மாதாவே," என்று வாசலில் நின்றாள். உதறல் நின்றது. செத்துவிட்டான் என்றே நினைத்தேன். பிறகு ஒரு காது அசைந்தது. ஒரு கண் திறந்தது. எங்கேயோ பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது, அத்தான். வெறும் கண்ணாக இருந்தது, பார்க்கிற கண்ணாக மாறியதை நான் நேரில் கண்டேன். எழுந்து நின்று, ஒன்றும் நடக்காதது மாதிரி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு தட்டைத் தேடிப் போனான்.

அன்றோடு ஊசியை நிறுத்திவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. இன்றைக்கும் நீலம்தான். மருந்தே இல்லாமல் நீலம்.

அப்படியென்றால் அந்தத் தீவுகள் திரும்ப வேலை செய்கின்றனவா? செத்துப்போனது என்று நாம் நினைத்தது வெறுமனே களைத்துத்தான் கிடந்ததா? இன்று சாயங்காலம் மதில் மேல் தாவினான். விரல்களை ஊன்றி, குதிகால் உயர்த்தி நடந்தான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை.

செல்வி


எடின்பரோ
2 பிப்ரவரி 1975

அன்புள்ள செல்வி,

ஆயிரம் கணையங்களையாவது கையில் எடுத்திருப்பேன். நிறம் எழுதியிருக்கிறேன், எடை போட்டிருக்கிறேன், சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருக்கிறேன். எல்லாமே செத்தவை. ஒரு கணையம் எழுந்து உட்காருவதை நான் பார்த்ததே இல்லை. நீ பார்த்துவிட்டாய்.

சில பூனைகளுக்கு இப்படி இன்சுலின் தேவை நின்றுபோவது உண்டு என்று பேராசிரியர் சொல்கிறார். ஏன் என்று அவருக்கும் முழுதாகத் தெரியவில்லை. அதிகச் சர்க்கரையே அந்தத் தீவுகளை மயக்கிப் போட்டிருக்கலாம், இன்சுலின் கொடுத்து ஓய்வு தந்ததும் அவை விழித்திருக்கலாம் என்கிறார். அழற்சி தணிந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல யாருமில்லை. வியாதி திரும்பியும் வரலாம், அதை மறைக்க மாட்டேன். வாரம் ஒரு முறை சோதித்துப் பார்.

நேற்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பனியில் நடந்துகொண்டே இருந்தேன். நினைத்தது பூனையைப் பற்றி இல்லை. கடிவாயில் ரத்தம் வடிய, விடாமல் தேய்த்துக்கொண்டிருந்த அந்த விரலைப் பற்றி. ஆறிவிட்டதா?

பால்துரை


எடின்பரோ
22 மார்ச் 1975

அன்புள்ள செல்வி,

விரலில் தழும்பு நின்றுவிட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது கிழிக்காமல் அனுப்ப வேண்டும்.

போன வாரம் இங்குள்ள கால்நடை மருத்துவர்கள் கூட்டத்தில் கப்பித்தானைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எழுதி வைத்திருந்த உரையை இரண்டு பத்தி படித்தேன். உயிரில்லாமல் இருந்தது. அதை மடித்து வைத்துவிட்டு, உன் கடிதங்களை எடுத்து ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினேன். எறும்பு, கிளிஞ்சல், காரல் சாறு, எல்லாம். காரலுக்கு இங்கிலீஷ் தெரியாமல் கையால் அளவு காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. மதில் மேல் தாவியதைச் சொல்லி முடித்தேன்.

இங்கே வடக்கே மலைநாட்டில் ஆடு மாடு பார்க்கும் ஒரு வயதான டாக்டர் பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

"அந்தப் பெண்மணி கால்நடை மருத்துவரா?"

"இல்லை. என் மனைவி."

"பூனைக்கு ஊட்டச் சொன்னது யார்?"

"யாரும் இல்லை. ஊட்டாதே என்று நான்தான் எழுதினேன்."

அவர் உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவரைப் பார்த்து அடுத்தவர் எழுந்தார். பிறகு வரிசை வரிசையாக எல்லாரும். அவர்கள் எனக்காக எழவில்லை என்று எனக்குத் தெரியும். நான் மேடையில் உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மண்டபத்திலேயே உன்னோடு மூன்று மாதம் வாழ்ந்தவன் நான் ஒருவன்தான். ஆனாலும் அவர்களைப் போல நானும் உன்னை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிற மாதிரி இருந்தது.

இன்னொன்று. இன்னும் மூன்று வருடம் இருந்து பூனைகளின் கணையத்தையே ஆராயச் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்ல? வரமாட்டேன் என்று உன்னிடம் சொல்ல மனம் வரவில்லை. நீ வா என்று கேட்கவும் தைரியமில்லை. உன் வேலை, உன் அப்பா, இந்தக் குளிர், இந்த ஒற்றை அறை. நீ சொல்வதைப் பொறுத்து...

பால்துரை


தூத்துக்குடி
6 ஏப்ரல் 1975

அன்புள்ள அத்தானுக்கு,

கூட்டத்தைப் பற்றிப் படித்து அழுதேன். இசபெல்லாக்காவிடம் சொன்னேன். "தொப்பியக் கழத்துனாகளா? எனக்கும் சேத்தா?" என்றாள். சேர்த்துத்தான் என்றேன். அந்தப் பெரியவரிடம் சொல்லிவிடுங்கள்.

கப்பித்தான் இப்போது அவள் வீட்டில்தான் குடியிருக்கிறான். அவள் வீட்டுக்காரர் சங்குகுளிக்கப் போகும் வள்ளத்தில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொள்கிறானாம். இறக்கிவிட்டால் கரையில் நின்று சத்தம் போடுகிறானாம். கப்பலில் பிறந்தவன், வேறு எப்படி இருப்பான்? வாரத்துக்கு ஒரு நாள் டாக்டர் நயினார் சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆவுடையப்பனும் வந்து பார்த்தார். வெகுநேரம் அவனைத் தடவிக்கொண்டே இருந்தார். போகும்போது, "நல்லவேளை நீங்க என் பேச்சக் கேக்கலை," என்றார்.

மூன்று வருடத்துக்குச் சரி என்று சொல்லிவிடுங்கள்.

என்னைக் கேட்கத் தைரியமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டு, நான் யோசித்து, அந்தப் பதில் உங்களுக்கு வந்து சேருவதற்குள் எது எது நடந்துவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவன் எழுந்து நின்ற வாரமே பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டுவிட்டேன். போன மாதம் வந்துவிட்டது. வேலையை விடுவதாகக் கல்லூரியில் சொல்லிவிட்டேன். அப்பா பம்பாய்வரை கூட வருகிறார்கள். அங்கிருந்து பத்தொன்பதாம் தேதி விமானம். குளிருக்கு உங்கள் அம்மாவே சாத்தான்குளத்திலிருந்து கம்பளி கொடுத்துவிட்டிருக்கிறார்கள்.

உங்களிடம் கேட்காமல் செய்துவிட்டேன். தப்பாக இருந்தால் நேரில் திட்டுங்கள். பதில் எழுத வேண்டாம். அது வரும்போது வாங்க நான் இங்கே இருக்க மாட்டேன்.

உங்கள் செல்வி